எட்டாவது தளத்தில் கரண்டிச் சத்தம்

"எட்டாவது தளத்துல வர்ற அந்தக் கரண்டிச் சத்தம் பிரமாதம். யார் பண்ணினதோ, அவங்களுக்கு ஒரு சபாஷ்."

அந்த வரியை அவள் படித்தாள், 'பாராட்டு' என்ற பெட்டியில் தள்ளினாள், அடுத்த கருத்துக்குப் போனாள். நாலைந்து கருத்துகள் தாண்டிய பிறகுதான் அவள் கை நின்றது. கீழ்க்கோட்டை என்ற அந்தக் கணினி விளையாட்டில் இருப்பதே ஏழு தளங்கள்தான்.

களைத்த கண் எதையும் எப்படியும் படிக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்பப் போய்ப் பார்த்தாள். எட்டு என்றுதான் இருந்தது. சரி, ஆட்டக்காரன் தூக்கத்தில் எழுதியிருப்பான் என்று விட்டுவிட்டாள். தூக்கத்தில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வருவதில்லை, பொறாமைதான் வரும்.

கீழ்க்கோட்டையில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கையில் ஒரு வாளோடு பூமிக்கடியில் இருக்கும் கோட்டைக்குள் இறங்க வேண்டும். எதிரே வருவதை வெட்ட வேண்டும். செத்தது போட்டுவிட்டுப் போகும் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தளத்துக்குப் படியிறங்க வேண்டும். வெட்டு, எடு, இறங்கு, அவ்வளவுதான். இதற்கு உலகமெங்கும் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் எல்லோருக்கும் ஒரு கருத்தும் இருந்தது. "மூணாவது தளத்துச் சிலந்தி ஒரே அடியில சாகுது, அதுக்கு எதுக்கு எட்டுக் கால்?" "லீவு போட்டு விளையாடினேன். இப்ப வேலையும் போச்சு, ஆட்டமும் முடியல." "என் வாளைவிட எங்க வீட்டுக் காய் நறுக்குற கத்தி கூர்மை." இவற்றையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து படித்து, பாராட்டு, புகார், விருப்பம் என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. ஆட்டக்காரர்களுக்குக் கை ஓயாது, அவளுக்குக் கண் ஓயாது.

பக்கத்து அறையில் டம்ளர் ஒலித்தது. இரண்டு தட்டு, சிறிய இடைவெளி, பிறகு ஒரு தட்டு. அவள் மூளை அதைக் கேட்டு முடிப்பதற்குள் கால்கள் எழுந்துவிட்டன. இப்போதெல்லாம் அப்படித்தான். பாதித் தூக்கத்தில் எழுந்துபோய்க் கட்டிலருகே நின்ற பிறகுதான், எதற்கு வந்தோம் என்று அவளுக்குத் தெரியவரும்.

அவள் கணவன் மின்வேலை செய்கிறவன். ஓர் ஏணி வழுக்கியது, இடுப்பும் விலாவும் உடைந்தன, ஒரு கை தூக்க வராமல் போயிற்று. அன்றிலிருந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கிறான். குரல் எழுப்பிக் கூப்பிட்டால் விலாவில் வலி பிடுங்கும் என்பதால், தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் சின்னக் கரண்டியும் வைத்திருந்தாள். வேண்டும் என்றால் தட்டுவான். தலையணை சரிந்தால் தட்டுவான், தண்ணீருக்குத் தட்டுவான், கால் மரத்துப்போனால் தட்டுவான். பாவம், தட்டுவதற்கு முன் எத்தனை நேரம் பொறுத்துப் பார்த்திருப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"தொந்தரவு பண்றேன்" என்றான்.

"பண்ணுங்க. எனக்கும் நடந்த மாதிரி ஆச்சு."

அவன் தலையை ஒரு கையால் தூக்கி, தலையணையைத் தட்டிப் போட்டாள். அறை முழுக்கத் தைல வாசனை. ஜன்னல் என்று பேருக்கு ஒன்று இருந்தது, கூரையை ஒட்டி, ஒரு சாண் உயரமே இருக்கும். அதன் வழியாக வண்டிகளின் சக்கரங்கள்தான் தெரியும். ஏழு மாடிக் கட்டடத்துக்குக் கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தையும் தாண்டி, படி முடிகிற இடத்தில் இருந்தது அவர்கள் வீடு. மேலே எந்த வீட்டில் குழாயைத் திறந்தாலும் அந்தத் தண்ணீர் இவர்கள் சுவருக்குள்தான் முனகிக்கொண்டு இறங்கும்.

மேசைக்குத் திரும்பியபோதுதான் அது உறைத்தது. கரண்டிச் சத்தம்.

வீட்டுச் சத்தம் விளையாட்டுக்குள் வருவதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது. அவர்கள் நிறுவனம் மிகச் சிறியது. கோட்டைக்கு வேண்டிய சத்தங்களை ஒலிக்காரர் விலைக்கு வாங்கவில்லை, வேலை செய்கிறவர்களின் வீடுகளில் இருந்துதான் திரட்டினார். ஆளுக்கு மூன்று சத்தம் பதிவு செய்து அனுப்புங்கள் என்றார். அவள் படுக்கையறைக் கதவின் கிறீச்சை அனுப்பினாள், குளிர்சாதனப் பெட்டியின் உறுமலை அனுப்பினாள், கணவனின் குறட்டையையும் குறும்பாக அனுப்பிவைத்தாள். அந்தக் குறட்டைதான் ஐந்தாவது தளத்து அரக்கனுக்கு. "அந்த அரக்கன் நான்தான்" என்று அவன் கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான். அதெல்லாம் ஏணி வழுக்குவதற்கு முந்திய காலம். கரண்டியும் டம்ளரும் அதற்குப் பிறகு வந்தவை. அவற்றை அவள் யாருக்கும் அனுப்பவில்லை.

ஒலிக்காரரைக் கேட்டாள். கரண்டியா, அப்படி எதுவும் நான் போடவில்லையே என்று பதில் வந்தது.

அடுத்தடுத்த நாட்களில் எட்டாவது தளம் பற்றிய கருத்துகள் ஒன்றிரண்டாக வந்து, பிறகு கொத்துக் கொத்தாக வந்தன. அவளும் அவற்றை ஒரு வேலையாகவே படித்தாள். பயப்படக்கூடத் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை.

"எட்டாவது தளம் ரொம்பச் சின்னது. ஒரு கூடம், ஒரு மேசை, ஒரு மூடின கதவு. ஆனா என்னமோ பண்ணுது மனசை."

"கூரையிலேர்ந்து சொட்டுற தண்ணிக்கு ஒரு நீல வாளி வெச்சிருக்காங்க பாருங்க, அந்த மாதிரி சின்ன விஷயத்துக்கே காசு குடுக்கலாம்."

மேசையிலிருந்து தலையைத் திருப்பாமல், அவள் காதால் மட்டும் கேட்டாள். மூலையில் வாளி இருந்தது. சொட்டு விழுந்தது. வாளி நீலம்தான்.

"நாற்காலிக் கால் ஒண்ணுக்குக் கீழ அட்டையை மடிச்சு வெச்சிருக்கிறது சூப்பர்."

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி லேசாக ஆடியது.

"எனக்கு மட்டுமா, இல்ல எல்லாருக்குமா? கதவுக்கிட்ட போனா தைல வாசனை வருது. இதை எப்படிப் பண்ணீங்க?"

இந்தக் கடைசிக் கருத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு கொத்தனாரை அழைத்தாள். கோட்டையின் தளங்களைக் கட்டுகிற தலைமை வடிவமைப்பாளருக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். சுவர் எழுப்புவார், படி வைப்பார், பேய்களைக் குடியேற்றுவார்.

"சார், எட்டாவது தளம்னு எதாவது கட்டியிருக்கீங்களா?"

"ஏழு தளத்தையே முட்டுக் குடுத்து நிறுத்தி வெச்சிருக்கேன். ஏம்மா?"

"ஆட்டக்காரங்க எழுதுறாங்க. எங்க வீடு மாதிரியே இருக்கு."

அவர் சிரித்தார். "ஒருத்தன் கதை கட்டுவான், நாலு பேர் ஆமாம்பான். நடக்கட்டும் விடு, நமக்கு விளம்பரம்தானே. நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது, நம்பாவிட்டால் எழுந்து எதையாவது செய்ய வேண்டும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. மின்தூக்கி பழுதாகிக் கிடந்ததால் கட்டடத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. கூடத்தில் திரையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை. இரவும் அவனுக்கு வலி, தூங்கவில்லை, அதனால் அவளும் தூங்கவில்லை. தேநீர் போட்டு எடுத்துவந்து வைத்தாள். டம்ளர் ஒலித்தது. போனாள், ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்றான், சாத்தினாள், வந்தாள். ஒரு வாய் குடிப்பதற்குள் மறுபடி ஒலித்தது. போனாள், புழுங்குகிறது என்றான், திறந்தாள், வந்தாள். தேநீரில் ஆடை படர்ந்திருந்தது.

திரையில் விருப்பங்கள் குவிந்திருந்தன. ஒரே விருப்பத்தைப் பல பேர் கேட்டால், எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'ஏற்கிறோம்' என்று ஓர் அழுத்து அழுத்துவது அவர்கள் வழக்கம். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அழுத்தியதும் கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே பதில் தானாகப் போகும்: உங்கள் விருப்பம் அடுத்த பதிப்பில் நிறைவேறும்.

"அந்தக் கதவைத் திறக்க விடுங்க. உள்ள இருக்கிறது ஓயாம தட்டிக்கிட்டே இருக்கு."

"ஆமா, அந்தத் தட்டல் எப்ப நிக்கும்? முடியல."

உள்ளே டம்ளர் ஒலித்தது. இரண்டு தட்டு, இடைவெளி, ஒன்று.

எப்போது நிற்கும் என்று அவளும்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கால்கள் எழுந்தன, எழுந்த வேகத்தில் விரல் அழுத்தியது. அத்தனையும் மொத்தமாக. ஏற்கிறோம்.

தலையணை சரிந்திருந்தது. சரிசெய்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு கணம் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கன்னத்தில் முள்முள்ளாகத் தாடி. நாளைக்காவது சவரம் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ஏற்றுக்கொண்டவை எவை என்று அப்போதுதான் முழுக்கப் படித்தாள்.

"உள்ள போய் அதை முடிச்சாத்தான் நிம்மதி."

"படுத்துத்தான் கெடக்கும்னு நெனக்கிறேன். ஒரே வெட்டு போதும்."

"வெளிய மேசைக்கிட்ட ஒரு பொம்பளை உக்காந்திருக்கு, பார்த்தா பாவமா இருக்கு. அவங்களுக்காகவாவது அதை முடிச்சு விடுங்க."

இந்தக் களைப்புக்குள் ஒரு பயம் புகுந்து உட்கார இடம் இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏற்றதைத் திரும்பப் பெறுவதற்குப் பொத்தான் கிடையாது, கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும்.

"சார், ஒரு விருப்பத்தைத் தெரியாம ஏத்துட்டேன். அதை எடுத்துடணும்."

"எதைம்மா?"

"எட்டாவது தளத்துக் கதவு. திறக்கச் சொன்னாங்க."

"இல்லாத தளத்துக்கு ஏதும்மா கதவு? இல்லாத கதவை நான் எப்படி மூடறது?"

"சார், தயவுசெஞ்சு."

அவர் குரல் இறங்கியது. "புதுப் பதிப்பு இப்பத்தான் வெளிய போச்சு. நான் கதவு எதுவும் சேர்க்கல, சத்தியமா. நீ போய்ப் படும்மா. உன் குரலே தூங்குது."

பேசி முடிப்பதற்குள் திரையில் புதுக் கருத்துகள் வர ஆரம்பித்துவிட்டன.

"கதவு திறக்குதாம். கிளம்பிட்டேன்."

"நானும். ரெண்டாவது தளம்."

"நாலு தாண்டியாச்சு. வழியில எதையும் வெட்டல, நேரா இறங்குறேன்."

அவள் படித்துக்கொண்டே இருந்தாள். எங்கோ மேலே, கட்டடத்தின் உச்சியில், காலடி கேட்டது. படியிறங்குகிற காலடி. மின்தூக்கி பழுது, யாரோ இறங்குகிறார்கள். ஒருவர் அல்ல. அவசரமில்லாத, பேச்சில்லாத, பல காலடிகள். ஒரு மாடி இறங்கின. திருப்பத்தில் நின்றன. மறுபடி இறங்கின.

இத்தனை நாளும் கீழிருந்துதான் மாடிகளை எண்ணிப் பழகியிருந்தாள். இப்போது மேலிருந்து எண்ணினாள். ஏழு மாடி. அதற்கும் கீழே இவர்கள் வீடு.

வாசல் கதவின் இரண்டு தாழ்ப்பாள்களையும் போட்டாள். கணவனின் தம்பியை அழைத்தாள். கைபேசி காதில் வழுக்கியது.

"தம்பி, உடனே வர முடியுமா? உங்க அண்ணனை இங்கிருந்து கொண்டுபோகணும்."

"என்ன அண்ணி, வலி அதிகமாயிடுச்சா?"

"ஆமா. அப்படித்தான். வாங்க."

"ரோடெல்லாம் தண்ணி அண்ணி. எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் பார்த்துக்குங்க."

பார்த்துக்கொள்வதுதானே, அதைத்தானே இத்தனை நாளும் செய்துகொண்டிருக்கிறாள். அந்த ஆளைத் தூக்கி ஒரு படி ஏற்ற அவள் ஒருத்தியால் ஆகாது. ஆனால் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆகும். படுக்கையறைக்குள் போனாள், கதவை இழுத்துச் சாத்தினாள், கீலின் பழகிய கிறீச்சு கோட்டைக் கதவு மாதிரியே கேட்டது. உட்தாழ்ப்பாளைப் போட்டாள். முக்காலியைக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டவே இல்லையே, வந்துட்ட" என்றான்.

"சும்மாதான்."

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டாள். "தட்டுறது நிக்கணும்னு நெனச்சுட்டேங்க. ஒரே ஒரு நிமிஷம்."

"நான் தினமும்தான் நெனக்கிறேன்" என்றான். பிறகு அவள் விரல்களை அழுத்தினான். "அழாத. அரக்கன் அவ்வளவு சீக்கிரம் சாக மாட்டான். அஞ்சாவது தளத்துல என்னை வெட்ட எத்தனை பேர் திணறியிருக்காங்க, நீதானே சொன்ன."

அவள் சிரிக்கப் பார்த்தாள். கூடத்தில், வாளியில் விழுந்துகொண்டிருந்த சொட்டு நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் ஒரு முறை உதறிவிட்டு அடங்கியது. சுவருக்குள் குழாய் முனகவில்லை. அந்த வீட்டில் அவள் ஒருபோதும் கேட்டிராத அமைதி அது. அந்த அமைதிக்குள், தாழிட்ட வாசலைத் தாண்டி, எந்தக் கதவும் திறக்கிற சத்தமே இல்லாமல், ஈரக்காலடிகள் கூடத்துக்குள் வந்தன. ஒருவர் பின் ஒருவராக. ஒரு நாற்காலி ஆடியது. அட்டை வைத்த நாற்காலி.

கைபேசி மடியில் ஒளிர்ந்தது.

"வந்தாச்சு. ஆனா கதவு திறக்கலையே. ஏமாத்துறாங்க."

"உள்ள காவலுக்கு ஒரு பொம்பளையைப் போட்டிருக்காங்க. மேசைக்கிட்ட இருந்த அதே ஆள்தான். கையில ஆயுதம்கூட இல்ல."

"வெட்டிப் பார்த்தேன். கதவுல படவே இல்ல."

கதவின் பலகையில் ஏதோ உரசியது. மெதுவாக. மேலிருந்து கீழே. அவள் அவன் கையை இறுக்கினாள். அவனும் கேட்டிருக்க வேண்டும், கண் கதவுப் பக்கம் போனது. "யாரு? தம்பியா?" என்றான். "பேசாதீங்க" என்றாள் அவள்.

"அவ முழிச்சிருக்கிற வரைக்கும் தாழ்ப்பாள் அசையாது. நான் பார்த்துட்டேன்."

"அப்ப என்ன பண்றது?"

அடுத்த கருத்து வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"யாரும் வெட்டாதீங்க. சும்மா நில்லுங்க. அவ ரொம்பக் களைச்சிருக்கா."

"ஆமா. பாவம், எத்தனை நாளாத் தூங்கலையோ."

"காத்திருப்போம். நமக்கென்ன அவசரம்."

உரசல் நின்றது. கதவுக்குக் கீழே, தரைக்கும் பலகைக்கும் நடுவில், கூடத்துத் திரையின் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் நிழல்கள். கால் நிழல்கள். பக்கத்தில் பக்கத்தில், இடைவெளியே இல்லாமல். ஒன்றுகூட அசையவில்லை.

தூங்கக் கூடாது. அதுதான் வேலை. அது ஒன்றுதான். கொழுந்தன் வருகிறவரை கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும், கணவன் பிழைத்துக்கொள்வான். இதைவிடச் சுலபமான வேலை யாருக்கு வாய்க்கும். அவள் தொடையைக் கிள்ளினாள். கன்னத்தில் அறைந்துகொண்டாள். டம்ளரில் இருந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். எழுந்து நின்றாள், நின்றபடியே கண் சொக்கி முழங்கால் மடங்கியது, உட்கார்ந்தாள். மழை அதே தாளத்தில் பெய்தது. தைல வாசனை. அவன் கையின் சூடு. எல்லாம் சேர்ந்து அவள் இமைகளைக் கீழே இழுத்தன.

"உனக்குத் தலை ஆடுது" என்றான் அவன். "கொஞ்சம் கண்ணை மூடு. நான் முழிச்சிருக்கேன்."

"வேண்டாம்."

"எதாவதுன்னா தட்டுறேன்மா. தட்டினா நீ எந்திரிச்சிடுவ இல்ல?"

"வேண்டாங்க. என்னைப் பேச வைங்க. எதையாவது கேளுங்க."

அவன் கேட்டான். பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்தபோது பார்த்த ஒரு நாயைப் பற்றிக் கேட்டான், நினைவிருக்கிறதா என்றான். அவள் இருக்கிறது என்றாள். என்ன நிறம் என்றான். சொன்னாள். பெயர் என்ன வைத்தோம் என்றான். அவளுக்குப் பெயர் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. அதைத் தேடிக்கொண்டு கொஞ்சம் உள்ளே போனாள். இன்னும் கொஞ்சம் உள்ளே. அங்கே இருட்டாக இருந்தது. இதமாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

டிங், டிங்.

டிங்.

உயிர் போய் உயிர் வந்தது. தட்டிவிட்டான். எழுப்பிவிட்டான், நல்லவேளை. கண்ணைத் திறக்காமலே பெருமூச்சு விட்டாள். அவன் கை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. கனமாக இருந்தது.

டிங், டிங். டிங்.

அவன் கை அவள் கைக்குள் இருக்கிறது. அவனுக்குத் தட்ட வருவது இந்தக் கைதான். இன்னொரு கையை அவனால் தூக்க முடியாது.

கண்ணைத் திறந்தாள். நேரே கதவு. தாழ்ப்பாள் விலகியிருந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது, அதற்கப்பால் கூடம் இருட்டு. திரையையும் யாரோ அணைத்திருந்தார்கள். கட்டில் அவளுக்குப் பின்னால் இருந்தது. மூச்சுச் சத்தம் வருகிறதா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். தைல வாசனையோடு வேறொரு வாசனையும் இருந்தது. அவன் கையின் சூடு மெல்ல மெல்ல இறங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதவரை அவன் நாயின் பெயருக்காகக் காத்துக்கொண்டிருப்பான்.

மடியில் கைபேசி ஒளிர்ந்தது.

"முடிஞ்சது. ரொம்பச் சுலபம். கண் திறந்துதான் இருந்துச்சு, ஆனா தட்டவே இல்ல. அவ கையிலேர்ந்து கையை உருவிக் கரண்டியை எடுத்துச்சு, அவளைப் பார்த்துச்சு, அவ நல்லா தூங்குறதைப் பார்த்துட்டு திரும்ப வெச்சிட்டு அவ கையையே பிடிச்சுக்கிச்சு."

அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன் கீழே இன்னொன்று வந்து விழுந்தது.

"கெடச்ச பொருள் ஒரு சின்னக் கரண்டி, ஒரு டம்ளர். ஆயுதமா உதவாது. ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க."

"எதுக்கு?"

"தட்டினா அவ வர்றா."

கூடத்து இருட்டில், மேசை இருக்கும் பக்கத்தில், அந்தச் சத்தம் மறுபடி எழுந்தது. இரண்டு தட்டு. இடைவெளி. ஒன்று. அவன் தட்டுகிற அதே அளவு, அதே தயக்கம்.

வேண்டாம் என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் கால்கள் எழுந்துவிட்டன. அவன் கை அவள் விரல்களிலிருந்து நழுவிக் கட்டில் விளிம்பில் தொங்கியது. கதவின் கீல் கிறீச்சிட்டது. அவள் போய்க்கொண்டிருந்தாள்.